நான்கெல்லை

தக்கலை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஆதாரம் எழுதுகிறவள் நான்.
பத்தொன்பது வருஷமாக
ஊரார் வீட்டு அதிரெல்லாம் என் கையெழுத்தில் கிடக்கிறது.
ஆனாலும் ஆடி மாதம், அழகியமண்டபம் போகிற வழியில்
என் மாருதி எண்ணூறு ஆவி விட்டு நின்றபோது
ஜன்னலில் குனிந்தவர்கள் எல்லாரும்
பக்கத்து இருக்கையைத்தான் பார்த்தார்கள்,
அங்கே ஓர் ஆண் இருப்பானென்று.
இருந்தது ஒரு கட்டு முத்திரைத்தாளும்
இரண்டு ஏத்தன்பழமும்.

ஜெபசிங் பானட்டைத் தூக்கினான், மூடினான்.
"ஹெட்டு போச்சு. எஞ்சின எறக்கணுமாக்கும்.
இருவத்திரெண்டாயிரம் வரும்.
அண்ணனுக்க நம்பரு தாங்க, நான் பேசிக்கிடுதேன்."
அண்ணன் என்றது என் புருஷனை.
மஸ்கட்டில் ஏசி அறையில் கணக்கெழுதும் அவருக்கு
டிக்கியைத் திறக்கும் கொண்டி எங்கே என்பதே சந்தேகம்.

அடுத்த மேசை வேலப்பன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்:
"இரும்புக் கடைக்குப் போடும் பிள்ளே.
பஸ்ஸு ஓடத்தானே செய்யுது?"

யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து
சேலையை மாற்றி, சாயம்போன நைட்டியில்
ரப்பர் மரத்தடியில் நின்ற வண்டியின் முன் குனிந்தேன்.
கொசு. காலடியில் சொதசொதவென்று மழை மண்.
எனக்குத் தெரிந்தது வாசிக்க மட்டும்தான்,
அதனால் ஆதாரம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன்:
கிழக்கே பேட்டரி.
மேற்கே தண்ணீர்க் குப்பி.
தெற்கே ரேடியேட்டர், அதன் முதுகில் விசிறி.
வடக்கே பெயர் தெரியாத கறுப்புப் பெட்டி ஒன்று.
இந்த நான்கெல்லைக்குள் எங்கோ ஒரு பொய்.
பொய்யான ஆதாரம் என்றால்
எனக்கு மணத்திலேயே தெரியும்.

எஞ்சின் கொதிக்கிறது. விசிறி சும்மா நிற்கிறது.
ஜெபசிங் அதைக் கவனிக்கவேயில்லை.
விசிறியைக் குற்றம் சொல்லுமுன்
அதை எழுப்பிவிட வேண்டியவனை விசாரிக்கணும் அல்லவா.
கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச். இரண்டு ஒயர்.
சொருகியிருந்ததைக் கழற்றி, சாவியைத் திருப்பிவிட்டு,
சேலைக்குக் குத்துகிற பின்னால்
அந்த இரண்டு வாயையும் சேர்த்தேன்.

விர்ர்.

முகமெல்லாம் காற்று.
மூன்று மாதத் தூசி,
ஒரு செத்த வண்ணத்துப்பூச்சியின் பாதி இறக்கை.

மார்த்தாண்டத்தில் சுவிட்ச் இருநூற்றுப் பத்து ரூபாய்.
"மெக்கானிக்க அனுப்புங்க, அவருக்குத்தான் அளவு தெரியும்"
என்ற பையனிடம் பழையதை மேசைமேல் வைத்து
"இதுக்கு ஜோடி" என்றேன்,
வளையல் கடையில் கேட்கிறாற்போல.

மாட்டும்போது ஸ்பேனர் வழுக்கி
விரல்மூட்டுத் தோல் போயிற்று.
பச்சைத் தண்ணீர் முழங்கை வழியே ஓடி
நைட்டிக்குள் இறங்கியது.
போதகர் காதில் விழக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னேன்.
நிம்மதியாக இருந்தது, திரும்பவும் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆரல்வாய்மொழி வரை போனேன்.
அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது.
காற்றாலைகளுக்கு நடுவே ஓரங்கட்டி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
முள் ஏறியது. பாதி.
பாதிக்கு மேலே ஒரு நூல்.
இன்னொரு நூல்.
என் அடிவயிறும் கூடவே கொதித்தது.
இருபத்திரெண்டாயிரம், இருபத்திரெண்டாயிரம் என்று
வைப்பர் கட்டைகூடச் சொல்வதுபோல் இருந்தபோது

டிக்.

வெளியே அத்தனை பெரிய இறக்கைகள்
காற்றைக் கேட்டுச் சுற்றின.
உள்ளே ஒரு சின்னது
என்னைக் கேட்டு.

மறுநாள் வேலப்பன் கேட்டார்: "வண்டி யாரு பாத்தது?"
"நான்."
"அது செரி. யாரு பாத்தது?"
ஒரு விற்பனை ஆதாரம் பாதியில் கிடந்தது,
எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது
அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மிஞ்சிப்போன நட்டு ஒன்று
என் முத்திரை மைப்பெட்டிக்குள் கிடக்கிறது.
எங்கே இருந்து கழன்றதென்று தெரியவில்லை.
வண்டி ஓடுகிறது.